நேராக வீட்டுக்கு

நவம்பர் 3, ஞாயிறு

இந்த டைரியை வாங்கிக் கொடுத்தது மாரிவிக். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் கடையில் வாங்கியது. அட்டையில் நாய்க்குட்டி. "டாக்டர் சொல்றதை இதுல எழுதி வை, இன்னா. நீ கேக்குறது ஒண்ணு, வந்து சொல்றது ஒண்ணு" என்றாள்.

என் பெயர் இன்னாசி. அவள் சுருக்கி இன்னா என்பாள். மெட்ராஸ்காரன் எவனாவது பக்கத்தில் நின்றால், இந்தப் பெண் புருஷனைப் பார்த்து எந்நேரமும் 'என்ன, என்ன' என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பான்.

டாக்டர் சொன்னது: மாரிவிக்குக்குப் புற்றுநோய், இடம் கணையம். அப்படி ஓர் உறுப்பு என் உடம்பிலும் இருப்பது நாற்பத்தொன்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. பிளஸ் டூவில் உயிரியலில் பெயிலானவனுக்கு இதுவே அதிகம். மாரிவிக் இதே ஆஸ்பத்திரியில் பதினொரு வருடமாக நர்ஸ். அவளுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. அவள் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள், டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். நான் ஒருவன்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பாயிலர் ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று இங்கிலாந்தில் பட்டாசு நாள். எதற்கு என்று பதினொரு வருடமாகக் கேட்கிறேன், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். வார்டு ஜன்னலிலிருந்து கடலுக்கு மேல் வெடிப்பது தெரிந்தது. நம் தீபாவளியோடு ஒப்பிட்டால் பாதி நமத்தது.

மாரிவிக் பட்டாசைப் பார்க்கவில்லை. "பரோல் எரியுதா?" என்று கேட்டாள்.

பரோல் என்றால் நம் ஊர்ப் பேப்பரில், ஜெயிலில் இருப்பவன் லீவில் வீட்டுக்கு வருவது. மாரிவிக் போன்ற பிலிப்பினோக்காரர்களுக்கு அது கிறிஸ்துமஸ் நட்சத்திரம். நாங்களும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள்தான், நட்சத்திரம் தொங்கவிடுவோம், ஆனால் டிசம்பரில். இவர்கள் செப்டம்பர் முதல் தேதியே தொடங்கிவிடுவார்கள். இந்த வருடமும் செப்டம்பரில் நாற்காலி மேல் ஏறித் தானே ஜன்னலில் கட்டினாள். இறங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் கரண்ட் பில்லைப் பற்றி ஏதோ நகைச்சுவை சொன்னேன்.

எரிகிறது என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எரியவில்லை. போட்டுவிட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

வேலைக்குப் போனேன். சூப்பர்மார்க்கெட்டில் மீன் பகுதி. கடலோடிக் குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகப் பயந்து, குவைத்தில் மீன் வண்டி ஓட்டி, கடைசியில் இங்கிலாந்தில் ஐஸ் மேல் மீனை அடுக்குகிறேன். எங்கப்பா இருந்தால் காறித் துப்பியிருப்பார்.

வெள்ளைக்காரர்கள் தலையில்லாத மீன்தான் வாங்குவார்கள். தலையெல்லாம் பிலிப்பினோக்காரர்களுக்கு. இந்த ஊரில் எனக்கு மரியாதை கிடைத்ததே மீன் தலையால்தான். குயா பேபி சாயங்காலம் வந்தார். குயா என்றால் அண்ணன். பேபி என்பது அவருடைய நிஜமான கூப்பிடு பெயர். ஐம்பத்தெட்டு வயது, நூறு கிலோ, ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை. முதல் முறை மாரிவிக் "பேபி வரான், சோறு வை" என்றபோது நான் பால் காய்ச்சி வைத்தேன்.

"மாரிவிக் சாப்பிடுறாளா?" என்று கேட்டார்.

"சாப்பிடுறா குயா" என்றேன்.

அவர் மீன் தலைப் பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அவளை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போவது அவர்தான் என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

பூசை முடிந்து பிலிப்பினோ கூட்டம் முழுக்க வார்டுக்கு வந்துவிட்டது. நூடுல்ஸ், வறுத்த பன்றி, அரிசிப் பலகாரம். பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரப் பாட்டிக்கும் ஒரு தட்டு. தலைமை ஆத்தே நோர்மா. ஆத்தே என்றால் அக்கா. நம் ஊரில் பயந்துபோனால் 'ஆத்தே' என்போம். நோர்மாவைப் பார்த்தால் இரண்டு அர்த்தமும் பொருந்தும். அறுபது வயது. இந்த ஊருக்கு முதலில் வந்த நர்ஸ். புதிதாக வருகிற எந்தப் பெண்ணும் இவள் வீட்டில் ஒரு வாரம் தூங்காமல் வேறு வீடு பார்த்ததில்லை.

எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது மாரிவிக் கண்ணை மூடியபடி, "உவி ந ஆக்கோ" என்றாள்.

சத்தம் நின்றுவிட்டது. உவி என்றால் எனக்கும் தெரியும். குவைத்தில் அவள் கூட்டுக்காரிகள் வருடம் முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எப்ப உவி, போன உவிக்கு என்ன வாங்கினே, அடுத்த உவிக்கு டிக்கெட் போட்டாச்சா. இங்கேயும் கோயில் வாசலில் அதே பேச்சு. உவி என்றால் விமானம். உவி என்றால் பிலிப்பைன்ஸ்.

நோர்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "கேட்டியா? ஊருக்குப் போகணுங்குறா. பத்தாங்காஸ்ல அவ அண்ணன் வீட்டுல, அவ கடல் பக்கத்துல கண்ணை மூடணும். நீ மாட்டேன்னு சொல்லாதே, இன்னாசி."

"நான் ஏன் ஆத்தே மாட்டேன்னு சொல்றேன்?"

"ஆம்பளைங்க சொல்வீங்க."

சொல்லவில்லை. எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. இத்தனை நாளாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேலையே இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

டாக்டர் சொன்னது (எழுதச் சொன்னாளே, எழுதுகிறேன்): "நாங்கள் இனி செய்வதற்கு அதிகமில்லை. ஹோமுக்கு அனுப்பட்டுமா? கட்டில் அனுப்புவோம், நர்ஸ் தினமும் வருவார்."

நான் சொன்னது: "இல்ல டாக்டர், ஹோம் வேண்டாம். அவ ஹோம் போகணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அதைத்தான் நானும் சொல்கிறேன்."

"அந்த ஹோம் இல்ல. ஹோம் ஹோம்."

பிளஸ் டூ ஆங்கிலத்தில் எனக்கு முப்பத்தாறு மார்க். கையால் விமானம் ஓட்டிக் காட்டினேன். புரிந்துகொண்டார். அவ்வளவு தூரம் பறக்க உடம்பில் தெம்பு வேண்டும், அதற்கு இங்கேயே வைத்து டிரிப் ஏற்றி, பித்தக் குழாயில் ஒரு குழல் வைத்துப் பார்க்க வேண்டும், உறுதி சொல்ல முடியாது என்றார். செய்யுங்கள் என்றேன். அப்படித் தீர்மானமாக நான் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

எங்கள் ஃபிளாட் மூன்றாவது மாடி. லிஃப்ட் ஆகஸ்டிலிருந்து ஓடவில்லை. அங்கே கட்டிலைப் போட்டு என்ன செய்ய?

நவம்பர் 15, வெள்ளி

நடைபாதையில் பெட்டி கால் விரலை இடித்தது. ஊருக்கு அனுப்ப ஒரு வருடமாக அவள் நிரப்பும் அட்டைப்பெட்டி. டின் இறைச்சி, சோப்பு, சாக்லேட், துண்டு. மேலே என் பழைய கோட்டு ஒன்று, என்னைக் கேட்காமலே. பத்தாங்காஸில் யாருக்குக் கோட்டு தேவை? வெயிலில் செத்துப்போவான்.

எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. நோர்மா லீவு போட்டுக் கூடவே போகிறாள். குயா பேபி விமானக் கம்பெனியில் பேசிப் படுத்துக்கொண்டு போகிற மாதிரி இடம் வாங்கிவிட்டார். அவள் அண்ணன் அறைக்கு வெள்ளை அடிக்கிறாராம். நானும் மகள் செலினும் இரண்டு நாள் கழித்துக் கிளம்புவது என்று முடிவு. விமானத்தில் ஸ்ட்ரெச்சரோடு அவ்வளவு பேருக்கு இடமில்லை.

சாயங்காலம் மாரிவிக்கிடம் சொன்னேன். பெரிய மனுஷன் மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். "உவி. ரெடி. நோர்மா கூட வருவா. உன் அண்ணன் காத்துக்கிட்டிருக்கார்."

என்னையே பார்த்தாள். அப்புறம் புருவத்தைத் தூக்கினாள்.

இதை எழுதியாக வேண்டும். குவைத்தில், அவள் வேலை பார்த்த கிளினிக் வாசலில், கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டபோதும் இப்படித்தான் புருவத்தைத் தூக்கினாள். நம் ஊரில் அதற்கு 'என்னது?' என்று அர்த்தம். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று திரும்பக் கேட்டேன். திரும்பவும் தூக்கினாள். மூன்றாவது தடவை நான் கத்தியதில் கிளினிக்கே வெளியே வந்தது. "யெஸ், மடையா! எங்க ஊர்ல இதுக்கு யெஸ்னு அர்த்தம்!"

அதனால் இன்று ஒரு தடவையிலேயே புரிந்துகொண்டேன். சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

நவம்பர் 16, சனி

குழல் வைத்தார்கள். ஜுரம்.

நவம்பர் 19, செவ்வாய்

ஜுரம் இறங்கவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டோம்.

மாரிவிக் அதிகம் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். வார்டு நர்ஸ் ஒருத்தி, இவளிடம் வேலை பழகிய பெண், வந்து தலை வாரிவிட்டுப் போனாள். நான் ஏதாவது வேண்டுமா என்று கேட்டதற்கு, "என் வீட்டுச் செருப்பு" என்றாள். அந்தப் பச்சை ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்தது. பிரயாணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால் அண்ணன் வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன், உள்ளே பஞ்சு வைத்தது.

பார்த்துவிட்டு, "அழகா இருக்கு" என்றாள். கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னாள்.

குப்பைத் தொட்டியை வெளியே வைத்தாயா என்று கேட்டாள். வைத்தேன். பரோல்? எரிகிறது. செலினின் மழைக்கோட்டு? தைத்தாயிற்று. அடுப்பு? "அடுப்பை எல்லாம் விடு, நீ தெம்பாகு" என்று அதட்டினேன்.

நவம்பர் 22, வெள்ளி

செலினுக்குப் பதினைந்து வயது. என்னிடம் தமிழில் பேசுவாள், அம்மாவிடம் அவள் மொழியான தகாலோகில், மற்ற யாரிடமும் பேச மாட்டாள். இன்று நான் வேலை முடிந்து வந்தபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளியிலிருந்து நேரே வார்டுக்குப் போய் வந்திருக்கிறாள்.

"அப்பா, உங்களுக்கு நானாயை வீட்டுல வச்சுக்கப் பிடிக்கலையா?"

நானாய் என்றால் அவர்கள் மொழியில் அம்மா. எனக்குப் புரியவில்லை. "யார் அப்படிச் சொன்னது?"

"நானாய்தான் கேட்டாங்க. 'உன் அப்பாக்கு நான் வீட்டுல சாகுறது பயமா? அதான் ஊருக்கு அனுப்புறாரா?'ன்னு. அப்புறம் உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு டிக்கெட் எல்லாம் போட்டுட்டீங்களாம். ஆத்தே நோர்மா லீவு போட்டுட்டாங்களாம். இப்ப வேண்டாம்னா எல்லாருக்கும் சங்கடமாம்."

"அவதானே உவின்னு சொன்னா?"

"உவின்னா வீட்டுக்குப் போறது, அப்பா." அழுதுகொண்டே சிரித்தாள், என்னை மாதிரி ஒரு முட்டாளைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் வரும். "நான் ஸ்கூல்ல இருந்து வர்றதுக்கும் உவிதான். நீங்க மீன் கடையில இருந்து வர்றதுக்கும் உவிதான். அவங்க இந்த வீட்டைத்தான் சொன்னாங்க."

அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் போய் அடுப்பைப் பார்த்தேன். பிறகு நடைபாதைக்குப் போனேன். பச்சைச் செருப்பு கதவு ஓரத்தில் இருந்தது.

நவம்பர் 23, சனி

காலையிலேயே டாக்டரிடம் போனேன். சனிக்கிழமை என்பதால் வேறு டாக்டர். "ஹோம்" என்றேன். "எந்த ஹோம்?" என்று அவர் கேட்கவில்லை. கட்டில் திங்கட்கிழமைதான் வரும் என்றார். இன்றைக்கே தரையில் படுக்க வைத்துக்கொள்கிறேன் என்றேன். வலி மருந்து போடும் மெஷினும் அதோடுதான் வரும், அது இல்லாமல் அனுப்ப முடியாது என்றார். நல்ல மனுஷன். என்னைவிட வயதில் சின்னவர், தோளில் கை வைத்தார்.

நோர்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கதவைத் திறந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்களுக்கு உவின்னா ஊர்தான் இன்னாசி. முப்பது வருஷமா ஊர்தான். இங்க ஒருத்திக்கு வீடு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே."

"எனக்கும் தோணல ஆத்தே. நான் அந்த வீட்டுலதான் இருக்கேன்."

மத்தியானத்துக்குள் பிலிப்பினோ படை எங்கள் ஃபிளாட்டில் இறங்கிவிட்டது. ஜன்னலைத் துடைத்தார்கள், மெத்தை உறையை மாற்றினார்கள், என் உள்பனியன்களைக்கூடத் துவைத்துப் போட்டார்கள். வெட்கத்தில் பாத்ரூமுக்குள் போய் நின்றேன். குயா பேபி மாடிப்படியை மூன்று தடவை ஏறி இறங்கி அளந்தார். "நாலு பேர் போதும். நாற்காலியில வச்சுத் தூக்கிருவோம். லிஃப்டு என்ன லிஃப்டு, நான் இருக்கேன்." மூச்சு வாங்கியதில் கடைசி வார்த்தை வெளியே வரவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

மாரிவிக் இன்று கண்ணைத் திறக்கவில்லை. கை சூடாக இருந்தது.

காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். "உவி. நம்ம வீடு. மூணாவது மாடி. திங்கட்கிழமை கட்டில் வருது. நான் உன்னை எங்கேயும் அனுப்பல. எனக்கு உங்க பாஷை தெரியல, அவ்வளவுதான். பதினெட்டு வருஷமா நீ சொல்லிக் கொடுத்தும் தெரியல. கேக்குதா?"

அவள் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் பாட்டி திரையை மூடிவிட்டாள். நான் திரும்பவும் சொன்னேன். மூன்றாவது தடவை கத்திவிட்டேன் போலிருக்கிறது, நர்ஸ் வந்துவிட்டாள்.

புருவம் அசையவில்லை.

பச்சைச் செருப்பைக் காலில் போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 25, திங்கள்

கட்டில் வந்தது. இரண்டு பையன்கள் மூன்று மாடி தூக்கி வந்து பூட்டிக் கொடுத்தார்கள். பட்டனை அழுத்தினால் தலைப்பக்கம் உயரும், இன்னொன்று கால்பக்கம். எப்படி என்று காட்டிவிட்டு, "பேஷண்ட் எப்போது வருகிறார்?" என்றார்கள். டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 26, செவ்வாய்

மாரிவிக் நேற்று விடியும் நேரத்தில் போய்விட்டாள். நேற்று அதை எழுதவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

பிலிப்பினோக்காரர்கள் ஒன்பது நாள் ஜெபம் வைக்கிறார்கள், எங்கள் வீட்டில். செபமாலை, பிறகு சாப்பாடு, பிறகு பாட்டு, பிறகு யாராவது அழுவது. உட்கார இடமில்லாமல் நாலைந்து பேர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். குயா பேபி உட்கார்ந்ததும் பட்டன் அமுங்கித் தலைப்பக்கம் மெல்ல உயர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. உயர்கிற வரை உயர விட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்ள யாரும் இன்னும் வரவில்லை. நானும் போன் பண்ணவில்லை.

டிசம்பர் 11, புதன்

இன்று அடக்கம். மழை. இந்த ஊரில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கடல் சாம்பல் நிறம். பத்தாங்காஸ் கடலும் இல்லை, எங்கள் ஊர்க் கடலும் இல்லை.

முடிந்து கார்கள் வரிசையாகக் கிளம்பின. நான், செலின், நோர்மா மூவரும் குயா பேபியின் வேனில். ரவுண்டானா தாண்டியதும் முன்னால் போன கார்கள் எல்லாம் ஒரு பர்கர் கடைக்குள் திரும்பின. கறுப்பு உடையில் அறுபது பேர் பர்கர் கடைக்குள் நுழைவதை ஒரு வெள்ளைக்காரக் குழந்தை வாயைப் பிளந்து பார்த்தது.

எனக்குத் தெரியும், இது அவர்கள் வழக்கம். பக்பக் என்பார்கள், உதறுவது என்று அர்த்தம். சாவு வீட்டிலிருந்தோ கல்லறையிலிருந்தோ நேராக வீட்டுக்குப் போகக்கூடாது. நடுவில் எங்கேயாவது நின்று, போனவர் நம்மோடு ஒட்டிக்கொண்டு வராதபடி உதறிவிட்டுப் போக வேண்டும். முதல் தடவை கேட்டபோது மாரிவிக்கிடம் கேலி பண்ணினேன். "எங்க ஊர்ல தலைக்குக் குளிச்சாப் போதும். உங்க ஊர்ப் பேய்க்கு பர்கர் வேணுமா?"

"நீ குளிக்கிற அழகுக்கு, பேய் உன்னை விட்டுப் போகாது" என்றாள்.

பேபி வேனைத் திருப்பப் போனார்.

"குயா, எங்களை நேரா வீட்டுல விட்டுருங்க."

நோர்மா பின்னால் திரும்பினாள். "ஒரு காபி குடிச்சிட்டுப் போவோம், இன்னாசி. அஞ்சு நிமிஷம். உனக்குத் தெரியாது, நேரா போகக்கூடாது."

"தெரியும் ஆத்தே."

"தெரிஞ்சா ஏன்? கூடவே வந்துருவா."

"அதுக்குத்தான்."

வைப்பர் இப்படியும் அப்படியும் போனது. பேபி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிக்னலைப் போட்டு நேர் ரோட்டுக்கு வந்தார். நோர்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டு, தோளில் இருந்த சால்வையைக் கழற்றிப் பக்கத்துக் காலி இடத்தில் வைத்தாள், அங்கே யாரோ குளிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

லிஃப்டில் 'ஓடாது' என்ற அதே காகிதம் ஒட்டியிருந்தது. நானும் செலினும் படி ஏறினோம். செலின் எப்போதும் இரண்டிரண்டு படியாகத் தாவுவாள். இன்று ஒவ்வொரு படியாக வந்தாள். ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் நின்றோம். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அவளுக்கும் வாங்கவில்லை. இருந்தாலும் நின்றோம்.

கதவைத் திறந்தேன். பெட்டி நடைபாதையிலேயே இருந்தது. இன்று விரலை இடிக்கவில்லை, விளக்கு எரிந்தது. செலின் போய்ப் பரோலைப் போட்டாள்.

நான் குளிக்கவில்லை. கதவையும் உடனே சாத்தவில்லை. வாசலில் நின்று, "உவி" என்றேன். இந்த வார்த்தையை நான் சரியாகச் சொன்னது இதுதான் முதல் முறை என்று செலின் சொன்னாள்.

படிக்கட்டிலிருந்து குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. வரட்டும் என்று விட்டோம்.